நண்பர் தந்த பொட்டலம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், தாயகம் செல்வோர் இல்லங்களுக்கு நண்பர்கள் வரத் தொடங்குவர். கையில் ஒரு பொட்டலம் இருக்கும். "ஒரு கிலோ கூட இராது" என்பர். திரும்புகையில் ஊறுகாயும் மசாலாத் தூளும் அவ்வாறே பெட்டியில் ஏறிக்கொள்ளும். வளைகுடாத் தமிழர் நட்பின் பெரும்பகுதி பிறர் பெட்டிகளில்தான் பயணம் செய்துள்ளது. அதில் நமக்குப் பெருமையே.

ஆயினும், நேர்மையை நாம் அலுவலகத்தோடு நிறுத்திவிடுகிறோமோ என்னும் ஐயம் எமக்குண்டு. கணக்கில் ஒரு திர்ஹம் பிசகாதவர்கூட நண்பர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாரார். கேட்டால் நட்புக்கு இழுக்காம்!

2019 ஆம் ஆண்டு மும்பையைச் சேர்ந்த இளந்தம்பதியர் தோஹா விமான நிலையத்தில் கைதாயினர். உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ் இருந்தது. 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கருவுற்றிருந்த மனைவிக்குச் சிறைவாசத்தின்போதே குழந்தை பிறந்தது. அவர்கள் ஏமாற்றப்பட்டமையை இந்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் விசாரணை வெளிக்கொணர்ந்த பின்னர், 2021 இல்தான் விடுதலை கிடைத்தது.

நம் நண்பர்கள் அத்தகையோர் அல்லர் என்போம். உண்மையே. ஆனால் வஞ்சம் வேண்டியதில்லை, அறியாமையே போதும். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் வலி மாத்திரையும் இங்கே கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. சுங்க அதிகாரியிடம் "நண்பர் தந்தது" என்னும் விடை எடுபடாது.

பல ஆண்டுகளுக்கு முன், ஷார்ஜாவில் எம்முடன் ஒரே அறையில் வாழ்ந்த நண்பர் ஒருவர் தைத்து மூடிய துணிப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். "பிரித்துப் பார்க்கலாமா?" என்றோம். முகம் வாடிப் போயிற்று. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார். உள்ளே இருந்தது மகளுக்கான பாவாடைத் துணி எனப் பின்னர் அறிந்தோம். ஈராண்டுகள் அவர் எம்மோடு பேசவில்லை. கேட்டது பிழையென்று இன்றும் நாம் எண்ணவில்லை. அறை நண்பர்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்டதுதான் பிழை.

உண்மையில், கேட்கும் சங்கடத்தைப் பயணிக்கு வைக்காமல், கொடுப்பவரே பிரித்துக் காட்டியபின் கட்டித் தருவதன்றோ முறை? மருந்தாயின் மருத்துவர் சீட்டையும் உடன் வைத்தல் வேண்டும். இதில் மானக்கேடு எங்கே வந்தது?

எம் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. திரும்பும் நாளில், ஊர் வீட்டுத் திண்ணையில் எல்லாப் பொட்டலங்களும் திறந்தே வைக்கப்படும். பட்டியல் எழுதுவது பிள்ளைகளின் பணி. "இதில் கசகசா இருக்கிறதா, அத்தை?" என்று அவர்கள் கேட்கையில் எவரும் கோபித்துக்கொள்வதில்லை.