ஹார்வர்டும் நிவாரணப் பணமும்

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். போன வாரம் போனில் பேசும்போது கேட்டான்: "சார், கொரோனா சமயத்துல ஹார்வர்டுக்கே அரசாங்கம் நிவாரணம் ஒதுக்குச்சே, அது என்ன நியாயம்?" போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 27-இல் அங்கே கேர்ஸ் சட்டம் வந்தது. உயர்கல்விக்கு மட்டும் சுமார் 1,400 கோடி டாலர். அதில் ஹார்வர்டின் பங்கு ஏறக்குறைய 86 லட்சம் டாலர். அப்போது ஹார்வர்டின் மூலநிதி சுமார் 4,000 கோடி டாலர்! ஊர் சும்மா இருக்குமா? பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றார் அதிபர் டிரம்ப். முழுத் தொகையும் மாணவர்களுக்கே போகும் என்று முதலில் சமாதானம் சொன்ன பல்கலைக்கழகம், மறுநாளே, ஏப்ரல் 22 அன்று, எங்களுக்கு வேண்டாம் என்றது. ஸ்டான்போர்டு, பிரின்ஸ்டன், யேல் எல்லாம் அதேபோல் ஒதுங்கிக்கொண்டன.

நியாயம் ஜெயித்துவிட்டது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஹார்வர்டு மனுப் போட்டு, ஆள் பிடித்து அந்தத் தொகையைப் பெறவில்லை. சட்டத்தின் கணக்கு தானாகவே ஒதுக்கியது. பெரும்பகுதிப் பணத்தைப் பிரித்த விதம் இதுதான்: முக்கால் பங்கு, பெல் உதவித்தொகை வாங்கும் ஏழை மாணவர்களின் எண்ணிக்கைப்படி. கால் பங்கு, மற்ற மாணவர்களின் எண்ணிக்கைப்படி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியின் கையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

"மூலநிதியை நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது" என்று பணக்காரப் பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. அது பொய்யில்லை. நம் கோயில்களில் உச்சிக்காலப் பூஜைக்கு என்று நிலம் எழுதிவைப்பார்கள். அந்த வருமானத்தை எடுத்துக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. அதுபோலத்தான். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தோமே, நினைவிருக்கிறதா? தமிழக அரசே 10 கோடி ரூபாய் கொடுத்தது. நானும் பென்ஷனிலிருந்து ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். அந்தப் பணமும் இன்று அந்த மூலநிதிக்குள்தான் கிடக்கிறது. தமிழுக்கென்று கொடுத்ததை வேறு துறைக்கு எடுத்தால் நாமே சண்டைக்குப் போவோம். (உலகத்தின் பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு நாம் ஏன் வசூல் செய்தோம் என்று என் மனைவி அன்றே கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.)

ஆனாலும் 4,000 கோடி வைத்திருப்பவர் 86 லட்சத்துக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. கெட்டதென்று சொன்ன அந்தக் காலம் கடந்து 2021 ஜூனில் கணக்குப் பார்த்தபோது அதே நிதி 5,300 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதட்டல் வருவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

சரி, ஹார்வர்டு போகட்டும். அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளையைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சட்டம் மாணவர்களைத் தலை எண்ணவில்லை. முழுநேரப் படிப்புக்குச் சமமாக எத்தனை பேர் என்று கணக்கிட்டது. பகலில் கடையில் நின்றுவிட்டு, மாலையில் இரண்டு பாடம் மட்டும் படிக்கும் சமுதாயக் கல்லூரி மாணவி அதில் முழு ஆள் இல்லை. ஊரடங்கில் முதலில் வேலை போனது இவளைப் போன்றவர்களுக்குத்தான். இவள் வீட்டு வாடகை என்ன அரை வாடகையா?

இதைப் படித்தபோது எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், வெள்ளம் வடிந்த மறுவாரம் நிவாரண நோட்டுப் புத்தகங்கள் வந்தன. அன்றைய வருகைப்பதிவேட்டைப் பார்த்துக் கொடு என்றார்கள். கொடுத்தேன். மாடி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். குடிசை போனதால் பள்ளிக்கூடத்துக்கே வரமுடியாத இரண்டு பேர் பத்து நாள் கழித்து வந்தபோது கட்டு காலி. பதிவேட்டில் அவர்களுக்கு 'வரவில்லை' என்று குறித்தவன் நான்தான். யாரும் திருடவில்லை, கணக்கும் சரியாகவே இருந்தது.

அமெரிக்காவில் டிசம்பர் 2020-இல் வந்த அடுத்த நிவாரணச் சட்டத்தில் தலை எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். மாலைநேர மாணவிக்கு அது கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் கையிருப்பு எவ்வளவு என்று கேட்கும் ஒரு வரியை முதல் சட்டத்திலேயே எழுத என்ன தடை இருந்தது? டிரம்ப் ஹார்வர்டைத் திட்டினாரே, கேர்ஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தானே, தம்பி?