தாலிக்கு எத்தனை பவுன்?

எங்கள் போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதும் பெண் அவள். புருஷனுக்கு லண்டன் ஓட்டலில் வேலை; அந்நாட்டுக் குடியுரிமையும் உண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சேர்ந்து வாழ்ந்தது நாற்பது நாள்.

பெண்ணுக்கு இருபது பவுன் போட்டார்கள். அது போதாதாம்! மனைவியை அழைத்துக்கொள்ள, பிரிட்டிஷ் சர்க்கார் 2012-இல் புருஷனின் வருஷ வருமானம் 18,600 பவுன் வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கியது. இங்கே அவள் வாங்கும் சம்பளம் கணக்கில் சேராது.

பொதுப்பணத்துக்குச் சுமையாகக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயந்தான். ஆனால், வருகிறவளுக்குச் சர்க்கார் உதவித்தொகை கிடையாது என்று விசாவிலேயே நிபந்தனை போட்டுவிடுகிறார்களே, பிறகென்ன பயம்?

அதே 2024 ஏப்ரலில் அவர்களே விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுன். வாரம் நாற்பது மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் வருஷத்துக்கு 23,800 தேறாது. அதாவது, நியாயமான கூலி என்று சர்க்கார் சொல்வதை வாங்குகிறவனுக்குப் பெண்டாட்டி கூடாது! 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் நலனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று குறை கண்டது. வரம்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டது.

ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறோம், அது சரக்கு. தாம்பத்தியமும் சரக்குதானா?

“அண்ணே, இன்னும் ஏத்துவாங்களா?” என்று கேட்கிறாள் அவள். பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல.