ஐந்தாவது கட்டில்

நான்கு குழித்தறிகளுக்கென்று கட்டிய கொட்டகையில் ஐந்தாவது தறி ஒன்றையும் இறக்கினால் என்ன நேரும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இழையை எட்டிப் பிடிக்கப் பக்கத்துத் தறிக்காரர் எழுந்து வழிவிட்டாக வேண்டும். போகட்டும், நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்து வால்ஸ்கிரேவ் ஆஸ்பத்திரியில் இதைக் கட்டில்களில் செய்து பார்த்தார்கள். நான்கு நோயாளிகளுக்கென அமைத்த பகுதியில் ஐந்தாவது கட்டில் ஒன்றையும் நுழைத்தார்கள். ‘நாலில் ஐந்து’ என்பதே அந்த ஏற்பாட்டுக்கு வழங்கிய பெயர். பிராணவாயுக் குழாயும், உறிஞ்சு கருவியும், மின்சார இணைப்பும் நான்கு பேருக்கே இருந்தன. இருதயம் நின்றுபோகும் தறுவாயில் ஒருவர் கிடக்கையில், அவரை நெருங்குவதற்கு மற்றொருவரின் கட்டிலை நகர்த்த வேண்டுமென்றால், அந்தச் சில நிமிஷங்களின் விலை என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் இருதய நோய் நிபுணராக இருந்தவர் டாக்டர் ராஜ் மட்டு. இந்த நெருக்கடியில் நோயாளிகள் உயிருக்கு ஆபத்து இருக்கிறதென்றும், மரணமே நேர்ந்திருக்கிறதென்றும் அவர் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். முறையீடு பலிக்காமற் போகவே, 2001-ஆம் ஆண்டில் பி.பி.சி. மூலம் பகிரங்கமாகவே பேசினார். 2002 பிப்ரவரியில் அவர் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். இளைய டாக்டர் ஒருவரை அவர் மிரட்டி நடத்தினார் என்ற புகார் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஐந்தாவது கட்டிலைப் பற்றிய பேச்சு இதனோடு பின்னுக்குப் போயிற்று. ஐந்தாவது கட்டிலைப் பற்றிப் பேசியவரைக் குறித்த பேச்சு முன்னுக்கு வந்தது.

இங்கே நாம் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இளையவர் ஒருவர் மூத்த டாக்டர்மீது புகார் கொடுத்தால் அதை விசாரிக்கத்தான் வேண்டும். நல்ல காரியத்துக்காகக் குரல் கொடுத்தவர் என்பதனால் ஒருவர் விசாரணைக்கு அப்பாற்பட்டவராகிவிட மாட்டார். ஆனால் அத்தகைய புகார் ஒன்றை விசாரிக்க எத்தனை காலம் வேண்டும்? ஒரு மாதம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆறு மாதம் என்றாலும் முணுமுணுத்துக் கொண்டாவது பொறுக்கலாம். டாக்டர் மட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்!

அத்தனை காலமும் முழுச் சம்பளம் கொடுத்தார்களே என்று சிலர் கேட்கக்கூடும். தறியில் உட்காராத நெசவாளிக்குக் கூலி கிடைத்தாலும் கை மறந்துபோகும் என்பது நம்மவர் அறிந்த விஷயம். இருதயக் குழாய்க்குள் கருவியைச் செலுத்தும் கையின் கதியும் அதுவே. ஒதுக்கி வைத்தவர்களே பின்னர், நெடுங்காலம் வேலை செய்யாததால் மறுபயிற்சி பெற வேண்டும் என்றார்கள். பயிற்சி எவ்விதம் அமைவது என்பதிலே தகராறு முற்றியது. இதற்கிடையே அவர் உடல்நலமும் குன்றியது. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 200 என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2010 நவம்பரில் வேலைநீக்க உத்தரவு வந்தது.

சம்பளத்தோடு ஒதுக்கி வைத்தல் என்பது தண்டனையல்ல என்று ஆபீஸ் விதிகள் கூறுகின்றன. நாம் இதை ஒப்பவில்லை. தண்டனையாக இருந்தால் குற்றம் இன்னது என்று சொல்ல வேண்டும், கால வரையறை வேண்டும், அப்பீல் வேண்டும். தண்டனையல்ல என்று பெயர் வைத்துவிட்டால் இவை ஒன்றுமே வேண்டியதில்லை. ஆகையினாலேயே இது நிர்வாகிகளின் கைக்கு எளிதான ஆயுதமாகிவிடுகிறது. சக ஊழியர்கள் இதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஒருவரை ஐந்து வருஷம் வெளியே நிறுத்தினால், உள்ளே இருக்கும் ஐந்நூறு பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

டாக்டர் மட்டு நீதிமன்றம் ஏறினார். வேலைநீக்கம் தம் ஒப்பந்தத்துக்கு விரோதமானது என்று வாதாடி, 2012-இல் அப்பீல் கோர்ட்டில் தோற்றார். அத்துடன் விட்டிருந்தால் அவரைக் குறை கூறுவார் யாருமில்லை. அவர் விடவில்லை. பொது நன்மைக்காக உண்மையை வெளியிடும் ஊழியரைக் காக்க அந்நாட்டில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. தொழில் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அவர் வழக்கு நடந்தது. அவர் நியாயமற்ற முறையில் நீக்கப்பட்டார் என்றும், உண்மையைச் சொன்னதற்காகத் தீங்குக்கு உள்ளாக்கப்பட்டார் என்றும் 2014 ஏப்ரலில் முடிவாயிற்று. 2016-இல் 12 லட்சத்து 20 ஆயிரம் பவுன் நஷ்டஈடு விதிக்கப்பட்டது.

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கணக்கை நம் தணிக்கைக்காரர் பார்ப்பதுபோலப் பார்ப்போம். ஒதுக்கி வைத்த நாளிலிருந்து நஷ்டஈட்டு உத்தரவு வரை பதினான்கு ஆண்டுகள். வருஷக்கணக்கில் வேலை செய்யாமல் அவர் வாங்கிய சம்பளம், வக்கீல்களுக்குக் கொடுத்தது, இறுதியில் கொடுத்த நஷ்டஈடு, இவையாவும் எந்தப் பெட்டியிலிருந்து போயின? நோயாளிகளின் மருந்துக்கும் கட்டிலுக்கும் ஒதுக்கிய பொதுப் பணத்திலிருந்துதான். உத்தரவில் கையெழுத்திட்டவர் மடியிலிருந்து ஒரு காசும் நஷ்டமில்லாதபோது, அடுத்த உத்தரவில் கையெழுத்திட அவருக்கு என்ன தயக்கம் இருக்கும்?

இது ஒரே ஓர் ஆஸ்பத்திரியின் கதையன்று. அதே இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் குழந்தைகளின் இருதய ரண சிகிச்சையில் மரணங்கள் மிகுதி என்று கணக்கெடுத்துச் சொன்னவர் மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின். 1996-இல் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் வரை, மற்ற இடங்களோடு ஒப்பிடுகையில் அதிகமாக இறந்தார்கள் என்று 2001-இல் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. முதலில் சொன்னபோதே காது கொடுத்திருந்தால் அந்த வீடுகளில் சிலவற்றிலாவது இன்று பிள்ளைகள் வளர்ந்து நின்றிருப்பார்கள். நம் தேசத்திலும் இத்தகையோரைக் காக்கும் சட்டம் ஒன்று 2014-இல் ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றது. பெற்ற பின்னும் பல்லாண்டுகள் அமலுக்கு வராமலே கிடந்தது.

கூட்டுறவுப் பத்திரிகையில் ஆஸ்பத்திரி விவகாரம் எதற்கு என்று கேட்கும் அங்கத்தினருக்கு நம் பதில் சுருக்கமானது. நம் சங்கங்களிலும் சம்பளம் பெறும் ஊழியர் இருக்கிறார்கள். நூல் சிட்டத்தில் இழை குறைகிறது என்றோ, உர மூட்டை எடை நிற்கவில்லை என்றோ முதலில் அறிகிறவர் கிடங்குக் குமாஸ்தாதான். அங்கத்தினருக்கு மகாசபையில் எழுந்து கேட்கும் உரிமை உண்டு; குமாஸ்தாவுக்கு அந்த உரிமை இல்லை. அவர் சொல்லக்கூடிய ஒரே இடம் காரியதரிசியின் மேஜை. குறை காரியதரிசியைப் பற்றியதாகவே இருந்தால் அவர் எங்கே போவார்?

சங்கங்களின் உபவிதிகளில் இதற்கு இடம் செய்ய வேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஊழியர் ஒருவர் குறை எழுதிக் கொடுத்தால், அந்தக் குறையை விசாரித்து முடிக்கும் முன் அவர்மேல் புதிய நடவடிக்கை எடுப்பதாயின் நிர்வாகக் குழு முழுவதும் கூடிக் காரணத்தை எழுதியே தீர வேண்டும். ஒதுக்கி வைப்பது மூன்று மாதத்தைத் தாண்டினால் விஷயம் மகாசபைக்கு வர வேண்டும். குறையையும், குறை சொன்னவரையும் ஒரே ஆள் விசாரிக்கலாகாது. பொய்ப் புகார் கொடுப்போர் இதைப் பயன்படுத்திக் கொள்வார்கள் என்று நிர்வாகிகள் சிலர் சொல்வார்கள். பொய்ப் புகார் மூன்று மாத விசாரணையில் தானே வெளுத்துப் போகும். அதற்காக வாசலை அடைக்க வேண்டியதில்லை. அடுத்த மகாசபைக்குப் பிரேரணைகள் அனுப்பும் அங்கத்தினர்கள் இதையும் ஒரு பிரேரணையாக எழுதி, உரிய காலத்துக்குள் காரியாலயத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.