கருவறை வாசலில் சட்டம்

வாரிசு வழி அர்ச்சகர் நியமனத்தைத் தமிழக அரசு 1970-இல் சட்டத் திருத்தம் மூலம் ஒழித்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கூடவே, நியமனம் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்தை மீறக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒரு நிபந்தனையில் அரை நூற்றாண்டு சிக்கிக்கொண்டது. எல்லாச் சாதியினருக்குமான அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் ஆகமம் படித்து, மந்திரங்களை மனப்பாடம் செய்து, தீட்சையும் பெற்ற இளைஞர்கள் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேர் கையில் நியமன ஆணை வந்தது.

ஆகமம் காக்கப்படட்டும். ஆரத்தித் தட்டை நீட்டும் கை எந்தச் சாதி என்று பார்ப்பதை மட்டும் பக்தி என்று நம்மால் ஏற்க முடியாது. மிச்சமிருக்கும் பயிற்சி பெற்றவர்களையும் அறநிலையத் துறை உடனே பணியில் அமர்த்த வேண்டும்.