சுவரில்லாதவர்களின் அன்றாடம்: அலிப்பூரும் தெரு ஒளிப்படமும்

ஆய்வு மாணவர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் அண்மைக்காலமாகப் பெருகிவரும் ஒரு வகைமை உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் முகம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். அதன்கீழ்ப் படம் எடுத்தவரின் அகவுரை. முதியவரின் கண்களில் தம் பாட்டனாரைக் கண்டதாக ஒன்று. தேநீர்க் கடைக்காரரின் சிரிப்பில் வாழ்வின் பொருள் விளங்கியதாக இன்னொன்று. வால்டர் பெஞ்சமின் ஒருமுறை வந்துபோவார், பூதலேரின் ஊர்சுற்றியும் உடன் வருவார். படத்தில் இருப்பவரின் பெயர் மட்டும் வராது. கலை என்ற மதிப்பையும் களஆய்வு என்ற மதிப்பையும் ஒருசேரப் பெற்றுவரும் இவ்வகைமை அவ்விரண்டில் ஒன்றுக்கேனும் தகுதியுடையதா என்பதே இங்குக் கேள்வி.

கேள்வியைச் சோதிக்கக் கொல்கத்தாவின் அலிப்பூரைவிடப் பொருத்தமான இடம் அரிது. தமிழாய்வாளருக்கு அவ்விடம் அந்நியமானதன்று. பெல்வெடேர் வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்தில் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் நூற்சேகரம் பாதுகாக்கப்படுகிறது; அதைத் தேடித் தமிழ் மாணவர்கள் செல்வதுண்டு. நூலகத்துக்கு அருகில் 1876இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்கா; சற்றுத் தள்ளிச் சிறையும் நீதிமன்றமும். மற்றவை பெரும்பாலும் பெருஞ்செல்வரின் இல்லங்கள். அவ்வில்லங்களைத் தெருவிலிருந்து எவரும் காண இயலாது. உயர்ந்த மதில், மதிலுக்குமேல் மரக்கிளை, இரும்புக் கதவு, அவ்வளவே தெரியும். வீட்டுக்காரர் கண்ணாடி ஏற்றிய காரில் வந்து, கதவு திறந்ததும் உள்ளே மறைவார்.

ஆகவே அலிப்பூர்த் தெருவில் படக்கருவியின்முன் அகப்படுபவர் யார்? கதவருகே நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் காவலாளி, முதலாளிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர், மண்குவளையில் தேநீர் விற்பவர், மரத்தடியில் துணி தேய்ப்பவர், வேலை முடிந்து பேருந்துக்கு விரையும் வீட்டுப் பணிப்பெண். நடைபாதைக் குழாயில் குளிப்பவரும் உண்டு; கொல்கத்தாவைப் பற்றிய படத்தொகுப்புகள் விட்டுவைக்காத காட்சி அது. மதிலுக்கு உட்புறம் உள்ள குளியலறையை எட்டிப் படம் எடுத்தால் அது காவல்நிலைய விவகாரம். வெளியே உள்ள குழாயடியை எடுத்தால் அது ‘அன்றாடத்தின் கவிதை’. ஒளிப்படக்காரர் தம் கண் தேர்ந்தெடுத்ததாக நம்பும் காட்சியை அவருக்கு முன்பே மதில் தேர்ந்தெடுத்துவிட்டது. அடைமொழி ஏதுமின்றி அதை ‘அன்றாடம்’ என்று அழைப்பது ஒரு வர்க்கத்தின் அன்றாடத்தை ஊரின் அன்றாடமாகக் காட்டும் பிழையாகும்.

பொது இடத்தில் இருப்பவர் படமெடுக்கப்படுவதை ஏற்றுக்கொண்டவரே என்ற வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது. சட்டத்தை அறியாதோர் சட்டத்தின் பெயரால் சொல்லும் வாதம் இது. புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக உறுதி செய்தது. பொது இடத்தில் இருக்கிறார் என்ற காரணத்தாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடன்றி மனிதரோடு ஒட்டியது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. தெருவில் எடுக்கும் ஒவ்வொரு படமும் குற்றம் என்பது அதன் பொருளன்று. எனினும் ‘தெருவில்தானே நின்றார்’ என்பது போதிய விடையாகாது. ஒதுங்க வேறிடம் இல்லாதவரிடம் அதைச் சொல்வது இன்னும் கொடிது.

அலிப்பூரின் வரலாற்றிலேயே இவ்விவாதத்துக்கு ஒரு சான்று கிடக்கிறது. 1908 மே மாதம் கைது செய்யப்பட்ட அரவிந்தர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கின் விசாரணைக் கைதியாக ஓராண்டு சிறையில் இருந்து 1909 மே மாதம் விடுதலையானார். அக்காலத்தில் காவல்துறை அவரைப் படம் எடுத்தது. கைதியிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்த அவர் பல்லாண்டுகள் படமெடுக்க இடம்கொடுக்கவில்லை. 1950இல் தெரு ஒளிப்படக்கலையின் மூலவராகக் கொண்டாடப்படும் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் புதுச்சேரிக்கு வந்தார். உலகின் தெருக்களில் எவரையும் கேளாமல் படம் எடுத்த அவர் அங்கே அனுமதி பெற்றே எடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். இரு படங்களிலும் இருப்பவர் ஒருவரே. முதற்படத்தின்போது அவருக்கு மறுக்கும் ஆற்றல் இல்லை, இரண்டாவதன்போது இருந்தது. இன்றைய அலிப்பூர்க் காவலாளியின் நிலை இவ்விரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதைத் தெரு ஒளிப்பட ஆர்வலர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதே கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயர் ‘தீர்க்கமான கணம்’ என்ற பொருளில் உலகப் புகழ் பெற்றது. பயிலரங்குகளில் அச்சொற்றொடர் மந்திரம்போல் ஓதப்படுகிறது. பிரெஞ்சு மூலத்தின் பெயர் வேறு. அவசரமாக, கண்ணுக்குப் படாமல் எடுத்த படங்கள் என்பது அதன் பொருள். உரிமமின்றித் தெருவில் கடைவிரித்து, காவலரைக் கண்டதும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வணிகரைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லே அங்கு ஆளப்பட்டுள்ளது. மூலத்தில் ஒரு நேர்மையான ஒப்புதல் இருந்தது. ஆங்கிலத்தில் அது தத்துவமாகிவிட்டது. தமிழுக்கு வந்து சேர்ந்தது தத்துவம் மட்டுமே. நடைபாதை வணிகரின் சொல்லைக் கடன்வாங்கிய கலை, நடைபாதை வணிகரைக் கேளாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை உலகம் கண்டிருக்குமா என்ற எதிர்க்கேள்வி வலுவானது. சுனில் ஜானாவின் ஒளிப்படங்கள் இல்லாதிருந்தால் அப்பஞ்சத்தின் முகம் காலனிய அரசின் மௌனத்தில் புதைந்திருக்கும். ஆனால் ஜானா தம் மனநிலையைப் பதிவுசெய்யச் சென்றவர் அல்லர். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பி. சி. ஜோஷியுடன் பயணம் செய்து, பசியை மறைத்த அரசுக்கு எதிரான சாட்சியமாகக் கட்சி இதழுக்குப் படம் அனுப்பினார். அதே பஞ்சத்தில் மேதினிப்பூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து வரைந்த சித்தப்பிரசாத், தாம் கண்டவர்களின் கதையையும் கோட்டோவியங்களோடு சேர்த்தே எழுதினார். அந்நூலின் படிகளைக் காலனிய அரசு பறித்து அழித்தது. அவ்விருவரையும் சாட்சிக்கு அழைப்போர் முதலில் தங்கள் படம் எந்த அரசைச் சினங்கொள்ளச் செய்தது என்று சொல்ல வேண்டும். நற்படங்களிலும் இக்குறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1936இல் டோரதியா லாங் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ படத்திலிருந்த பெண்ணின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிய நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. எடுத்த அன்று பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கே எழுதியிருக்கிறார்.

இனி அந்த அகவுரைகள். ஆய்வாளர் தம் சாதி, வர்க்கம், பால் ஆகியவற்றின் நிலையிலிருந்து எதைக் காண்கிறார், எதைக் காணத் தவறுகிறார் என்று தம்மையே விசாரிக்கும் முறை மானிடவியலில் பெரும்போராட்டத்துக்குப்பின் வந்தது. படக்குறிப்புகளில் அது உணர்ச்சிப் பெருக்காகச் சுருங்கிவிட்டது. காவலாளி எத்தனை மணிநேரம் அந்த நாற்காலியில் இருக்கிறார், எந்த ஊரிலிருந்து வந்தார், ஒப்பந்த நிறுவனம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்ற எதுவும் குறிப்பில் இல்லை. அவருடைய ‘மோனம்’ இருக்கிறது. பன்னிரண்டு மணிநேரப் பணியின் களைப்பையும் மோனம் என்று எழுதலாம், கேட்காதவரை. பியர் பூர்தியே 1965இல் வெளியிட்ட ஒளிப்பட ஆய்வில், எதைப் படமெடுக்கத் தக்கது என்று ஒருவர் கருதுகிறாரோ அது அவருடைய வர்க்கத்தின் மதிப்பீட்டைக் காட்டிக்கொடுக்கிறது என்று காட்டினார். பூர்தியேவை மேற்கோள் காட்டும் மாணவர்கள் அதைத் தங்கள் படத்தொகுப்பின்மீது பொருத்திப் பார்ப்பதில்லை.

இப்படங்கள் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘களத்தரவு’ என்று ஏறும்போது குறை பழுத்துவிடுகிறது. நேர்காணல் ஒன்றைச் சேர்க்க ஒப்புதல் படிவம் கேட்கும் துறை, முகத்தைச் சேர்க்க எதையும் கேட்பதில்லை. எங்கு, எந்நாள், எந்நேரம், யாரிடம் பேசி, எந்த மொழியில் பேசி எடுத்தது என்ற குறிப்பின்றி வரும் படத்தை நெறியாளரே திருப்பி அனுப்பலாம். வங்காளமோ இந்தியோ தெரியாதவர் மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். எடுக்கப்பட்டவருக்கு ஒரு படி அச்சிட்டுக் கொடுக்கலாம். அஞ்சல் அளவு அச்சுக்கு ஆகும் செலவு ஒரு தேநீருக்கு மேல் அதிகம் போகாது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னதைக் களக்குறிப்பேட்டில் எழுதலாம். வாய்மொழித் தேர்வில் எந்த வில்லை, எவ்வளவு ஒளித்திறப்பு என்று கேட்கும் புறத்தேர்வாளர், அடுத்த கேள்வியாகப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்கட்டும்.