குறிஞ்சிக்கு இன்னும் காலம் இருக்கிறதா?

கொடைக்கானல் மலையில் 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். பூத்து, விதை உதிர்த்து, செடி மடிந்துவிடும். மண்ணில் விழுந்த விதைதான் அடுத்த 12 ஆண்டுக்கான முதலீடு. அந்த மண் புல்வெளியாகவே இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதே இம்மலையின் இயல்பு. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், கூடவே தைல மரத்தையும் பைனையும் நட்டோம். சீகையை வெட்டினால் ஒழியாது. பல்லாண்டு மண்ணுக்குள் உறங்கிய விதை, வெயில் பட்டதும் கீரைப்பாத்திபோல் முளைத்து நிற்கும். மழை ஓய்ந்த ஈர மண்ணில் அதை வேரோடு கையால் பிடுங்குவதும், சோலை மர விதை பொறுக்கி நாற்றாக்குவதும் வட்டக்கானல் பக்கம் தன்னார்வலர்கள் செய்துவரும் வேலை. புகைப்படத்துக்கு எடுப்பான வேலையல்ல!

அந்த நாற்றுகளைச் சோலை ஓரத்தில்தான் நட வேண்டும். மரம் நடுவிழா மோகத்தில் புல்வெளியில் குழி தோண்டுவோர் குறிஞ்சியின் இடத்தைத்தான் பறிக்கிறார்கள். கேரளம் 2006-லேயே குறிஞ்சிக்கென மூணாறு பக்கம் ஒரு சரணாலயம் அறிவித்தது. இங்கே வனத்துறை சீகையை வெட்டுவதோடு நிற்காமல், களையெடுப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி, உள்ளூர் மக்களையே கூலிகொடுத்து அமர்த்த வேண்டும்.