விலகும் பொத்தானும் தமிழில் பேசட்டும்

செய்திமடலில் சேர ஒரு சொடுக்குப் போதும். விலகவோ கடவுச்சொல், காரணம் கேட்கும் படிவம், கடைசியில் ஒரு கெஞ்சல். இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்பவர்களை நான் நம்புவதில்லை.

வேலை மிகச் சிறியது. மடலின் அடியில் ஒவ்வொருவருக்கும் ஊகிக்க இயலாத குறியீடு கொண்ட தனி இணைப்பு. அது திறக்கும் பக்கத்தில் ஒரே பொத்தான். அழுத்தியதும் கோரிக்கை ‘போஸ்ட்’ முறையில் சர்வருக்குச் செல்லும். அங்குள்ள பிஎச்பி நிரல் குறியீட்டைச் சரிபார்த்து, அம்முகவரிக்கு எதிரே ‘விலகினார்’ எனக் குறிக்கும். இணைப்பைத் திறந்தவுடனே நீக்குதல் மட்டும் தவறு. மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைத் தாமே திறந்து பார்ப்பதுண்டு. இதில் கடவுச்சொல்லுக்கு என்ன வேலை?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வாசகத்தை எட்டாம் அட்டவணை மொழி எதிலும் பெறலாம் என்கிறது. இசைவைத் திரும்பப் பெறுவது, அளித்ததற்கு ஒப்பான எளிமையுடன் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மூணாற்றுத் தோட்ட லயத்தில் தமிழ் மட்டுமே வாசிப்பவரிடம் தமிழில் இசைவு பெற்றுவிட்டு, விலகும் பக்கத்தை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வைப்பது ஒப்பான எளிமையா? கேரள அரசுக்கே தமிழில் மடல் எழுத, 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு வழிசெய்திருக்கிறது. ஒரு பொத்தானுக்குத் தமிழ் பாரமா?

அத்தமிழும் ‘குழுவிலகு’ என்று இருக்கவேண்டாம். மடல் படிப்பவர் எந்தக் குழுவிலும் இல்லை. ‘இனி மடல் வேண்டாம்’ என்று எழுதுங்கள், எவருக்கும் புரியும். புரிந்துவிடுமே என்பதுதான் உங்கள் அச்சமென்றால், அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.